சனிக்கிழமை வார பொண்ணு

உக்காருங்க அண்ணாச்சி, இந்தப் பைய மடியில தூக்கி வச்சுக்கிடுதேன். நாகர்கோவிலா? நான் பணகுடி வரைக்கும்தான். இந்த வண்டி ஊருக்குள்ள போவாது, பைபாஸோட போயிரும். ஆனா எனக்கு நிக்கும். நான் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். ஆறுமுகநயினாருன்னு கேட்டுப் பாருங்க, இந்த ரூட்டுல தெரியாத டிரைவர் கெடயாது. நான் நேரம் எழுதுனாத்தான் வண்டி நகரும். பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்லுதேன்.

எம் மவளப் பாக்கப் போறேன். பணகுடிக்கு அங்கிட்டு காத்தாலை நிக்குல்லா, வெள்ளை வெள்ளையா சுத்துமே, அத ரிப்பேர் பாக்குத கம்பெனி ஒண்ணுல இன்டர்ன்ஷிப் பண்ணுதா. இன்டர்ன்ஷிப்னா படிக்கும்போதே போய் வேலை பழகுதது. மெக்கானிக்கல் மூணாம் வருஷம் முடிச்சிருக்கா. நாப்பத்தஞ்சு நாளு. இன்னைக்கோட முடியுது. பேரு சந்தனமாரி. வீட்டுல மாரி.

நான் வாரது அவளுக்குத் தெரியாது. சொன்னா வராதீங்கன்னுருவா. ஏன்னா அவளுக்கு ஒரு எண்ணம், நான் போய் நின்னா காரியம் கெட்டுப்போவும்னு. சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்? அந்த எடத்த வாங்கிக் குடுத்ததே நான்தான் அண்ணாச்சி. சிரிக்காதீங்க. நடந்தத நடந்தபடி சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பிப்ரவரி மாசம் ஒருநா காலேஜ் விட்டு வந்தா. பையக்கூட கீழ வைக்கல. "அப்பா, லீவுல எல்லாரும் எங்கயாவது இன்டர்ன்ஷிப் போயாவணும். ஏப்ரல் கடைசிக்குள்ள கம்பெனி பேரக் குடுக்கணும்"ன்னா. எங்க போவப் போறன்னு கேட்டேன். "காத்தாலைக்கு"ன்னா. ஏட்டி, ஊருல வேற கம்பெனியே இல்லயான்னேன். "நின்னுபோன காத்தாடிய ஒரு ஆளு எப்படி மறுபடி சுத்த வைக்காருன்னு எனக்குத் தெரியணும்ப்பா"ங்கா. 

அவங்க காலேஜ்லயே ஒரு ஏற்பாடு இருந்துச்சு. டவுனுல ஒரு ஆபீஸ். அங்க பேரக் குடுத்துட்டு வந்தாப் போதும், லீவு முடியும்போது சர்டிபிகேட் கைக்கு வந்துரும். வேலையும் இல்ல, வெயில்ல அலையவும் வேண்டாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பேசாம அதுல சேந்துக்கோன்னேன். அவ என்ன ஒரு பார்வை பாத்தா. "ஏம்ப்பா, வராத வண்டிக்கு நீங்க வந்த நேரம் எழுதுவீங்களா?"ன்னு கேட்டா.

எழுதுவனா நான்? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் எழுதுனதில்ல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிட்டு. இந்த வாய் அவளுக்கு எங்கருந்து வந்துதுன்னு கேக்காதீங்க. அவ அம்மா உலகம்மா வாயி.

பொறவு உக்காந்து கம்பெனி கம்பெனியா மெயில் போட்டா. முப்பத்தெட்டு மெயில். ரெண்டு பதில் வந்துச்சு. ஒண்ணு, உங்க மெயில் கிடைச்சிட்டுன்னு கம்ப்யூட்டரே அனுப்புனது. இன்னொண்ணு, இந்த விலாசத்துக்கு மெயில் போடாதீங்கன்னு. நான் சொன்னேன், "மெயிலெல்லாம் எவன் படிக்கான்? நேர்ல போயி ஆளப் பாக்கணும்"னு. அதுக்கு முந்துன சனிக்கிழமையே அவ நேர்ல போய்ட்டு வந்துட்டாங்கது எனக்குப் பொறவுதான் தெரியும். இருந்தாலும் நேர்ல போன்னு சொன்னது நான்தானே?

மொதச் சனிக்கிழமை கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிட்டாங்க. அங்க சைட் மேனேஜர் ஜஸ்டஸ்னு ஒருத்தர். நாகர்கோவில் பக்கம். அவரு ஜீப்புல வெளிய வரும்போது இவ குறுக்க போய் நின்னிருக்கா. அவரு பொறுமையாத்தான் சொல்லிருக்காரு. "வைகாசி பிறந்தா காத்து சீசன் தொடங்கிரும்மா. அதுக்குள்ள எல்லா மெஷினையும் சரி பண்ணணும். பழக்கிக் குடுக்க எங்களுக்கு ஆளும் இல்ல, நேரமும் இல்ல"ன்னு. இவ கேட்டிருக்கா, "அப்ப அடுத்த சனிக்கிழமை வரட்டுமா சார்?" வண்டி நகந்துக்கிட்டே இருக்கு. அவரு ஒரு பேச்சுக்கு, "ஆங், வாம்மா, வா"ன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு.

ஒருத்தர் பேச்சுக்குச் சொல்லுததுக்கும் நெசமாச் சொல்லுததுக்கும் வித்தியாசம் இருக்குல்லா? அதெல்லாம் அவளுக்குக் கெடயாது. ரெண்டாம் சனிக்கிழமை போயி, "சார் வரச் சொல்லிருக்காரு"ன்னா. வாச்மேன் என்ன செய்வாரு? உள்ள விட்டு, ஸ்டோர் ரூமுக்கு எதுத்தாப்புல ஒரு பெஞ்சு, அதுல உக்கார வச்சிருக்காரு. மத்தியானம் ஜஸ்டஸ் சார் வந்து, "நீ என்னம்மா இங்க?"ங்காரு.

"நீங்கதான் வரச் சொன்னீங்க சார்."

"நானா? எப்ப?"

"போன சனிக்கிழமை, பதினொண்ணே காலுக்கு, கேட்டுல வச்சி."

டைம் கீப்பர் மவளா கொக்கா? அவரு சிரிச்சிட்டாராம். சிரிச்சிட்டு, இடமில்லன்னு மறுபடியும் சொல்லிட்டாரு. "சரி சார், அடுத்த சனிக்கிழமை வாரேன்"னு வந்துட்டா.

இங்கதான் நான் எறங்குனேன். ஒத்தையில கெடந்து அலையுதே புள்ளன்னு மனசு கேக்கல. எங்க தெருவுல ஒரு கட்சி வட்டச் செயலாளர் இருக்காரு. எந்தக் கட்சின்னு வேண்டாம். அவரு வீட்டுக்கு மூணு நாளு நடந்து, லெட்டர் பேடுல ஒரு சிபாரிசு வாங்குனேன். பச்சை இங்க்குல கையெழுத்து, கீழ சீல். "இந்த மாணவி நமக்கு வேண்டிய குடும்பம், ஆவன செய்யவும்." மாரிட்ட சொல்லல. ஆச்சரியமா இருக்கட்டும்னு நேரா பணகுடி வண்டி கண்டக்டர்ட்டக் குடுத்து கம்பெனில சேத்துட்டேன்.

மூணாவது சனிக்கிழமை இவ போவுததுக்குள்ள லெட்டர் போயிட்டு. பெஞ்சுல உக்காந்தவள ஜஸ்டஸ் சாரே ரூமுக்குக் கூப்பிட்டு, லெட்டர நீட்டி, "இது என்னம்மா? நன்கொடை கேக்காங்களா? எங்க மேல எதும் புகாரா? ஆவன செய்யவும்னா என்ன செய்யணும்?"னு கேட்டிருக்காரு. மனுஷன் ரெண்டு நாளா சரியாத் தூங்கலயாம். இவ முழிச்சிருக்கா. பொறவு எங்க தெரு பேரப் பாத்து வெளங்கிட்டு.

வீட்டுக்கு வந்து அவ அம்மாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. உலகம்மாதான் பிடிச்சிக்கிட்டா, "ஒங்கள யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னா?"ன்னு. நான் ஒண்ணுதான் கேட்டேன். அதுவரைக்கும் அவ எங்க இருந்தா? பெஞ்சுல. அன்னைக்கு எங்க உக்காந்து பேசுனா? மேனேஜர் ரூமுல. எதனால? லெட்டரால. உலகம்மா சட்டில தாளிச்சுக்கிட்டே உள்ள திரும்பிக்கிட்டா.

நாலாம் சனிக்கிழமை ஜஸ்டஸ் சார் வேற காரணம் சொன்னாரு. "இந்த வேலைக்கு மேல ஏறணும்மா. பழைய மெஷினே அம்பது மீட்டர். பதினஞ்சு மாடி உசரம், உள்ளுக்குள்ள செங்குத்தா ஏணி. பொம்பளப் புள்ளைகள நாங்க இதுவரைக்கும் ஏத்துனதில்ல"ன்னு. இவ அழுவல, சண்டை போடல. நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு, "ஏறுத ஆளுக்கு என்னென்ன வேணும் சார்? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்"ன்னிருக்கா. அவரும் சொன்னாரு. ரத்தக் கொதிப்பு, காது, கண்ணு, தலைச்சுத்து எல்லாம் பாத்து டாக்டர் சர்டிபிகேட் வேணும். ஏணில மூச்சு வாங்காம ஏறணும். பாதுகாப்புப் பயிற்சி கம்பெனியே குடுக்கும்.

அந்த வாரம் பூரா எங்க வீட்டுல ஒரே கூத்து. காலேஜ்ல நாலு மாடியாம். முதுகுல பொஸ்தகப் பைய மாட்டிக்கிட்டு தெனம் இருபது வாட்டி ஏறி எறங்குதா. வீட்டுக்கு வந்தா முட்டு வலி, உலகம்மா தைலம் தேய்ச்சு விடுதா. ரெண்டு நாளு பெரியாஸ்பத்திரி கியூவுல நின்னு சர்டிபிகேட்டும் வாங்கிட்டா. ஒண்ணும் குறையில்லன்னு எழுதிட்டாரு டாக்டரு.

அப்பன்னு ஒருத்தன் இருக்கான்லா அண்ணாச்சி? அவனுக்கு ஒரு கடமை இருக்குல்லா? ஜஸ்டஸ் சாருக்கு போனப் போட்டேன். மரியாதையாத்தான் பேசுனேன். "சார், நான் மாரியோட அப்பா. நல்ல புள்ள, எடம் குடுங்க. ஆனா மேல மட்டும் ஏத்திராதீங்க. சின்ன வயசுல ஆனித் திருவிழாவுல ராட்டினம் ஏறி, உச்சிக்குப் போனதும் மயக்கம் ஆயிட்டு. எங்க குடும்பத்துக்கே அது ஆவாது"ன்னேன். 

பொய் இல்ல. நெசமாவே ராட்டினத்துல மயக்கம் ஆச்சு. யாருக்கு ஆச்சுன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. உச்சில போயி ராட்டினம் நின்னுச்சா, எனக்குத்தான் கண்ணு இருட்டிட்டு. இவளுக்கு அப்ப ஆறு வயசு. எஞ் சட்டைக் காலரப் பிடிச்சிக்கிட்டு, "ராட்டினத்த எறக்குங்க, எங்கப்பா தூங்கிட்டாரு"ன்னு அங்கருந்து சத்தம் போட்டிருக்கா. கீழ உலகம்மா நின்னு கேட்டிருக்கா. எனக்கு இருந்தா எம் மவளுக்கும் இருக்கும்லா? ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா?

அஞ்சாம் சனிக்கிழமை டாக்டர் சர்டிபிகேட்ட நீட்டிருக்கா. ஜஸ்டஸ் சார் அதத் தொடவே இல்ல. "டாக்டர் ஆயிரம் எழுதட்டும்மா. பெத்த அப்பாவே போன் பண்ணிச் சொன்ன பொறவு நான் எப்படி எடுக்க முடியும்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"ன்னுட்டாரு.

அன்னைக்குச் சாயந்திரம் வந்தா. நான் அப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்து காப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன். எதுத்தாப்புல வந்து உக்காந்தா. கோவமாக்கூடப் பேசல. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. "அப்பா, அன்னைக்கு ராட்டினத்துல மயங்குனது யாரு?"ன்னு கேட்டா.

"கூட்டம்லா... அந்த நெருக்கடில யாருக்குன்னு சரியா ஞாபகம் இல்ல"ன்னேன்.

அடுப்படிக்குள்ள இருந்து உலகம்மா, "எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னா.

மாரி எந்திச்சு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. காலேஜ்ல கேட்ட தேதிக்கு இன்னும் பத்து நாளுதான் இருந்துச்சு. பேரு குடுக்கலன்னா அந்த டவுன் ஆபீஸ்ல காலேஜே சேத்து விட்டுரும். நான் ஆறுதலாத்தான் சொன்னேன், அதுவும் நல்ல ஏற்பாடுதான்னு. உலகம்மா என்னப் பாத்த பார்வைல காப்பி ஆறிட்டு.

அடுத்த சனிக்கிழமை விடியக்காலம் எந்திச்சுப் பாக்கேன், இவ தலை சீவிக்கிட்டு நிக்கா. ஏட்டி, அவருதான் வேண்டாம்னுட்டாரேன்னேன். "வேண்டாம்னு அஞ்சு வாட்டி சொல்லிருக்காருப்பா. வராதன்னு இன்னும் ஒரு வாட்டிகூடச் சொல்லல"ன்னுட்டு செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா. காலைல ஆறு அஞ்சு வண்டி. அவ நடந்து வாரதுக்குள்ள நான் சைக்கிள்ல முந்தி டூட்டிக்குப் போயிட்டேன். நான்தான் அந்த வண்டிய அன்னைக்கு மூணு நிமிஷம் பிந்தி எடுக்க விட்டேன். இவ ஓடி வந்துக்கிட்டிருந்தா. இத யாருட்டயும் சொல்லிராதீங்க. சர்வீஸ்ல அது ஒண்ணுதான்.

அன்னைக்கு நடந்தத எனக்கு ஸ்டோர் கீப்பர் தாணு பொறவு சொன்னாரு. அவரு அன்னைக்கு லீவு, மச்சினன் புது வீட்டுக்குப் பால் காய்ப்பு. இருந்தாலும் நேர்ல பாத்த மாதிரியே சொல்லுவாரு. சீசன் முன்னக்கூட்டியே தொடங்கிட்டு, காத்து ஆளத் தூக்குது. அந்த நேரம் பாத்து ஒரு மெஷின் நின்னுபோச்சு. நின்னா ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். மாத்துததுக்கு ஒரு ஆயில் சீல் வேணும். ரப்பர் வளையம், இம்புட்டுத்தான் இருக்கும். ஸ்டோர்ல எங்க இருக்குன்னு தாணுவத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தாணு போன எடுக்கல, அங்க மேளச் சத்தம். டெக்னீசியன் ரெண்டு பேரு ரேக்கப் போட்டு உருட்டுதாங்க. ஜஸ்டஸ் சாரே சட்டையச் சுருட்டி விட்டுக்கிட்டு டப்பாவத் தூக்கி எறியுதாரு.

வெளிய பெஞ்சுல இருந்து ஒரு குரல். "சார், மூணாவது ரேக்கு, அடித்தட்டு. பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதுல பாருங்க."

பாத்தாங்க. இருந்துச்சு.

ஜஸ்டஸ் சார் சீலக் கையில வச்சுக்கிட்டே வெளிய வந்து, "உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டிருக்காரு.

"அஞ்சு சனிக்கிழமையா எதுத்தாப்புலதான் சார் உக்காந்திருக்கேன். தாணு அண்ணன் எத எங்கருந்து எடுக்காருன்னு பாக்கதத் தவிர எனக்கு வேற வேலை என்ன இருந்துச்சு?"

அன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் ஸ்டோர்ல இவதான் நின்னிருக்கா. யாரு வந்தாங்க, என்ன வாங்குனாங்க, எத்தன மணி எத்தன நிமிஷம், எல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கா. பத்து முப்பத்திரெண்டு, போல்ட் நாலு, முருகேசன்னு. ஜஸ்டஸ் சார் அந்தத் தாள மேலருந்து கீழ வரைக்கும் வாசிச்சாராம். பொறவு, "பேரு என்னம்மா?"ன்னு கேட்டாராம். ஆறு வாரமா வாரா, அன்னைக்குத்தான் பேரு கேக்காரு. அதுவரைக்கும் அங்க எல்லாருக்கும் இவ சனிக்கிழமை வார பொண்ணுதான்.

"லீவு எப்ப விடுது?"

"மே பத்து சார்."

"பதினொண்ணு அன்னைக்கு வா. ஸ்டோர்ல இரு."

வேற புள்ளையா இருந்தா காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஓடி வந்திருக்கும். இவ நின்னு கேட்டிருக்கா, "ஸ்டோர் சரி சார். மெஷின் மேல?"

அவரு சொல்லிருக்காரு, "அதுக்கு உங்க வீட்டுல இருந்து சம்மதக் கையெழுத்து வரட்டும். அப்பப் பாப்போம்."

பாத்தீங்களா, கடைசில எங்க வந்து நின்னுச்சுன்னு? எங்கிட்ட.

அவங்க ஒரு ஃபாரம் குடுத்து விட்டாங்க. நாலே வரி, இங்கிலீஷ்ல. கீழ பெற்றோர் கையெழுத்துன்னு ஒரு கோடு. இம்புட்டு பெரிய காரியத்துக்கு நாலு வரி போதுமா அண்ணாச்சி? நான் ஒழுங்கா ஒரு லெட்டரே எழுதித் தாரேன்னு சொன்னேன். "உயர்திரு மேலாளர் அவர்கள் சமூகத்திற்கு, கீழே கையொப்பமிடும் ஆறுமுகநயினார் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்னவென்றால்"னு ஆரம்பிச்சேன். நிபந்தனை ஏழு போட்டேன். காத்தடிக்கும்போது ஏத்தக் கூடாது. மழை தூறுனா ஏத்தக் கூடாது. செவ்வாய், வெள்ளி கூடாது. கயிறு ரெண்டு கட்டணும். முன்னால ஒரு ஆளு, பின்னால ஒரு ஆளு போவணும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனே கூடாது. ஏழாவது, பாதி உயரம் வரைக்கும் ஏறிக்கிடலாம், அதுக்கு மேல வேண்டாம். எழுதி, கிழிச்சு, மறுபடி எழுதி, நாலு வாட்டி ஆச்சு. நல்லா வரணும்லா? மே மாசம் ஓடிட்டு. மாரி ஸ்டோருக்குப் போயிட்டு வந்துக்கிட்டுதான் இருந்தா. லெட்டரப் பத்தி என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல. சரி, புள்ளைக்குப் பொறுமை வந்துட்டுன்னு நெனச்சேன்.

ஜூன் பத்தாம் தேதி லெட்டர் முடிஞ்சுது. லீவு போட்டு, வெள்ளைச் சட்டை தேய்ச்சுப் போட்டு, நானே நேர்ல கொண்டுபோனேன். ஜஸ்டஸ் சார் எந்திச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்குனாரு. அப்படி ஒரு மரியாதை. முழுசும் வாசிச்சாரு. ஏழாவது நிபந்தனைக்கு வரும்போது மனுஷனுக்குக் கண்ணே கலங்கிட்டு. கர்ச்சீப்ப எடுத்துத் தொடைச்சுக்கிட்டாரு. "சார், இந்த மாதிரி ஒரு லெட்டர் எங்க கம்பெனிக்கு வந்ததே இல்ல"ன்னு சொல்லி, பக்கத்து ரூமுல இருந்து ரெண்டு பேரக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாரு. ஃபைல்ல வச்சு பூட்டிட்டாரு. அப்பக் கேளுங்க, எடம் யாரால கிடைச்சுது?

நான் கேட்டேன், "மாரி எங்க சார்? ஸ்டோர்ல காணலயே?"ன்னு.

"மேல இருக்கா"ன்னாரு.

நான் நிமுந்து பாத்தேன். தகர ஷெட்டு அண்ணாச்சி அது. மாடியே கெடயாது. "மேலன்னா?"

அவரு ஜன்னலப் பாத்து தாடைய நீட்டுனாரு. அங்க காத்தாலை நிக்கு. "பயிற்சி முடிஞ்சு ஒரு வாரமா ஏறுதாளே சார். உங்க வீட்டுல இருந்து ஃபாரம் அன்னைக்கே வந்துட்டே, கையெழுத்துப் போட்டு"ங்காரு. எடுத்துக் காட்டுனாரு. பெற்றோர்ங்கத கோட்டுல, கோணல் மாணலா, ச. உலகம்மாள்.

குக்கர் மூணாவது விசில் அடிக்கதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டேன்னு அவ பொறவு சொன்னா. ஏட்டி, உனக்குப் பயமா இல்லயான்னு கேட்டேன். "இருக்கு. எனக்குப் பயமா இருந்தா அதுக்கு அவ என்ன செய்வா?"ன்னா. இந்தப் பொம்பளைங்கட்ட பேசி ஜெயிக்க முடியாது.

ஜீப்புல ஏத்தி மெஷினுக்கு அடியில கொண்டுபோய் விட்டாங்க. காலைல காத்து கொறஞ்ச நேரமாப் பாத்து நிப்பாட்டி வச்சிட்டு ஏறுவாங்களாம். அடியில ஒரு சின்னக் கதவு. கதவுக்கு வெளிய இவ செருப்பு கெடக்கு. பூட்ஸ் மாத்திக்கிட்டு ஏறிருக்கா. ஒரு செருப்புல வாரு பிஞ்சு, பின்னூசி குத்தி வச்சிருக்கா. அத்தன சனிக்கிழமை நடந்ததுல பிஞ்சிருக்கும். எனக்கு ஒருநாள்கூடத் தெரியல. அதயே பாத்துக்கிட்டு நின்னேன்.

போன் அடிச்சுது. மாரி. "அப்பா, கீழ நிக்கது நீங்கதானே? வெள்ளைச் சட்டை தெரியுது. நான் மேல மூடியத் தெறந்து வெளிய தலைய நீட்டிருக்கேன். மேல பாருங்கப்பா, கையாட்டுதேன்"ங்கா.

காத்து சத்தத்துல குரல் விட்டு விட்டு வருது. ஆனா அந்தக் குரல்ல ஒரு சந்தோஷம். வீட்டுல நான் கேட்டதே இல்ல. நான் கழுத்தத் தூக்கணும்னுதான் நெனைக்கேன். தூக்க முடியல. அந்தச் செருப்ப விட்டு கண்ணு நகர மாட்டேங்கு.

"தெரியுதாப்பா? பாத்தீங்களா?"

"பாத்தேம்மா"ன்னேன்.

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்க"ன்னேன்.

பொறவு கீழ எறங்கி வந்து, முகமெல்லாம் கிரீஸு, சிரிச்சுக்கிட்டே கேட்டா, "ரெண்டு கையாலயும் ஆட்டுனேனே, பயந்துட்டீங்களா?"ன்னு. "எதுக்குப் பயப்படணும்? நீ ஏறணும்னுதானே லெட்டரே கொண்டு வந்தேன்"னேன். அவ என்ன ஒரு நிமிஷம் பாத்தா. பொறவு எங் கையப் பிடிச்சிக்கிட்டா. கிரீஸ் கையி. அந்தக் கறை இந்தச் சட்டையில இன்னும் போவல, இந்தா பாருங்க. உலகம்மா துவைச்சுப் பாத்துட்டா.

இன்னைக்குக் கடைசி நாளுல்லா, பதினோரு மணிக்கு ஏறுதாங்கன்னு தாணு சொன்னாரு. சொல்லாமப் போயி, அடியில நின்னு, இந்த வாட்டி நெசமாப் பாத்துரணும்னு போறேன். சும்மா போவல, பழகிட்டுத்தான் போறேன். எங்க பஸ் ஸ்டாண்டு நடுவுல பெரிய லைட்டு கம்பம் ஒண்ணு நிக்குல்லா, உச்சில வட்டமா விளக்கு போட்டு? ரெண்டு வண்டிக்கு நடுவுல நேரம் கிடைக்கும்போதெல்லாம் அதுக்கு அடியில போய் நின்னு அண்ணாந்து பாப்பேன். மொத நாளு அடிச் சிமெண்டு வரைக்கும்தான் முடிஞ்சுது. பொறவு தெனம் கொஞ்சம், தெனம் கொஞ்சம். கண்டக்டர்மாரு, என்ன அண்ணாச்சி, விளக்கு எரியலயான்னு கேக்காங்க. எரியுதான்னு பாக்கேம்ல, வேலையப் பாருன்னு சொல்லிருவேன்.

நேத்து விளக்கு வரைக்கும் பாத்துட்டேன் அண்ணாச்சி. கம்பத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் பாத்தேன். இருந்தாலும் பாத்துட்டேன்.